சோலார் கண்காட்சி, வீடு சுற்றிக் காட்டல்: சங்கங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில்

எங்கள் நகர்க் குடியிருப்போர் சங்கத்தில் சோலார் கண்காட்சி நடத்தி, சோலார் போட்ட வீடுகளைச் சுற்றிக் காட்டும் ஏற்பாட்டைக் கவனித்துக்கொள்கிறேன். அக்கம்பக்கத்துச் சங்கத்தினர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சேமிப்பு தினம். அன்றைக்கே நடத்தலாமா சார்?

சென்னைப் பக்கம் அது மழைக்காலம். வழுக்கும் மொட்டை மாடியில் கூட்டத்தை ஏற்ற வேண்டாம். பிப்ரவரி ஞாயிறு ஒன்றைப் பாருங்கள். கோடைக்கு ஏசி வாங்க யோசிப்பவர்கள் அப்போதுதான் காது கொடுத்துக் கேட்பார்கள்.

எந்த வீடுகளைக் காட்டுவது?

நடந்து போகிற தூரத்தில் நாலைந்து போதும். எல்லாம் ஒரே மாதிரி 3 கிலோவாட் சோலார் போட்ட வீடாக இருந்தால் இரண்டாவதிலேயே சலித்துவிடும். தென்னை நிழலுக்காகத் தகடுகளைத் தள்ளி வைத்த வீடு, துணி காயப்போட இடம் விட்டு உயரமாகச் சட்டம் அடித்த வீடு, சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்த வீடு என்று கலந்து எடுங்கள். சோலாரே போடாமல் பில்லைக் குறைத்த வீடு ஒன்று கட்டாயம் வேண்டும்.

பேச வேண்டியவர் வீட்டுக்காரர்தான், கம்பெனிக்காரர் அல்ல. சோலார் போடுவதற்கு முந்தைய இபி பில்லையும் பிந்தையதையும் பெயர், இணைப்பு எண்ணை மறைத்து அருகருகே ஒட்டச் சொல்லுங்கள். கூட்டம் அங்கேதான் நிற்கும்.

மாடிக்கு ஒரு தடவைக்குப் பத்துப் பேர். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருக்கும் வீடு வேண்டாம். தகட்டிலிருந்து வரும் கேபிளை யாரும் தொடக் கூடாது. வெயில் இருக்கும்வரை அதில் மின்சாரம் இருக்கும்.

கரண்ட் போனாலும் எரியுமா என்று கேட்டால்?

எரியாது என்று முதல் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். தகட்டு மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சோலார் இன்வெர்ட்டர், பேட்டரி இல்லாமல் இபி லைனோடு இணைந்ததாக இருந்தால், மின்தடையில் தானே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியர் மேல் மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். இதை மறைத்து விற்பது பெரிய துரோகம்.

சேமிப்புக்கு என்ன காட்டலாம்?

பழைய மின்விசிறி ஒன்று, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறி ஒன்று, நடுவில் வாட் மீட்டர். ஒன்று 75 வாட் காட்டும், மற்றது 30. தினம் 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கே சுமார் 40 யூனிட் மிச்சம். முதலில் செலவைக் குறைத்துவிட்டு, பிறகு எத்தனை கிலோவாட் என்று முடிவு செய்வதே சரி. 1 கிலோவாட்டுக்கு நிழல் படாத 100 சதுர அடி வேண்டும். நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் கிடைக்கும்.

கம்பெனிகளுக்கு ஸ்டால் தரலாமா?

தரலாம், அங்கே முன்பணம் மட்டும் வாங்கக் கூடாது. வீட்டு மாடி சோலாருக்கு 2024இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். இந்தப் பணம் வீட்டுக்காரர் வங்கிக் கணக்குக்கே வரும். இதைப் பெரிய எழுத்தில் வாசலிலேயே எழுதி வையுங்கள்.

நாங்கள் ஃபிளாட்டில் இருக்கிறோம். எங்களுக்கு என்ன இருக்கிறது?

லிஃப்ட், மோட்டார், பொது விளக்குக்குச் சங்கத்தின் பெயரிலேயே போடலாம் அம்மா. மானியம் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். உங்களுக்கென்று தனி மேசை போடச் சொல்லுங்கள்.

கண்காட்சி முடிந்த பிறகு?

ஆர்வம் காட்டியவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு இபி பில்லோடும் ஆதாரோடும் வரச் சொல்லி, மானிய விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்பிக் கொடுங்கள்.