மகனின் குணமா, எங்கள் வளர்ப்பா?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, உயர்தரம் படிக்கிறான். சிறுவயதிலிருந்தே கூச்சம், எதற்கும் பதறுவான். இப்போது விடியப்புறம் இரண்டு மணி வரை போனில் கேமும் வீடியோவும்தான். தகப்பன் நாலு வருடமாகக் கட்டாரில். வீடியோ கோலில் ஏசுவார். போனைப் பறித்தால் மகன் சாப்பிட மாட்டான். மூத்தவள் இப்படி இல்லை. பிழை அவன் குணத்திலா, எங்கள் வளர்ப்பிலா?
- ஒரு தாய், உப்புவெளி

பதில்: அன்புள்ள சகோதரி,

இரண்டுக்கும் பங்கு உண்டு. எளிதில் பதறும் பிள்ளைகளும், ஒரு வேலையைத் திட்டம்போட்டு முடிக்கச் சிரமப்படுகிறவர்களும் இணையத்தில் கூடுதலாகச் சிக்குவது மாணவர்களிடம் நடந்த பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. வீட்டில் ஓயாத சண்டை, பெற்றோருடன் பேச்சுக் குறைவு, இவையும் கூடவே வருகின்றன. ஆனால் போனால் சண்டை வந்ததா, சண்டையால் போனுக்குள் போனானா என்பதை அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பிரித்துச் சொல்வதில்லை. அதனால் உங்களையே குற்றவாளியாக்கிக்கொள்ளாதீர்கள்.

மூத்தவளும் அதே வீடுதான், சரி. ஆனால் அவள் வளர்ந்தபோது அப்பா பக்கத்தில் இருந்தார். இவனுக்கு நாலு வருடமாக அப்பா வருவதும் அந்தப் போனில்தான், வருவதும் ஏசத்தான். கூச்சமுள்ள பிள்ளைக்கு கேமில் கிடைக்கும் கூட்டாளிகள் ஏசுவதில்லை, முகத்தைப் பார்ப்பதுமில்லை. அதைப் பறித்தால் அவன் பதற்றம் எங்கே போகும்?

முதலில் கணவரிடம் பேசுங்கள். கிழமைக்கு ஒரு கோலாவது புள்ளிகளைப் பற்றியோ போனைப் பற்றியோ கேட்காத கோலாக இருக்கட்டும். மகன் என்ன விளையாடுகிறான், யாரோடு என்று விசாரிக்கட்டும். அப்புறம் நேரக் கட்டுப்பாடு. அதை அவனோடு இருந்து பேசி முடிவெடுங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு வீட்டிலுள்ள எல்லாப் போனும் ஹோலில் சார்ஜில் கிடக்கட்டும், உங்களுடையதும்தான். பின்னேரம் கடற்கரைக்கோ மைதானத்துக்கோ கூட்டிப்போக ஒரு மாமாவோ அண்ணாவோ இருந்தால் கேளுங்கள். கூச்சக்காரனைத் தனியாகப் போ என்றால் போகமாட்டான்.

உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறையில் உள்ள தன் நோய்ப் பட்டியலில் கேம் விளையாட்டுக் கோளாறைச் சேர்த்திருக்கிறது. மணிக்கணக்கை மட்டும் வைத்து அதை முடிவு செய்வதில்லை. கட்டுப்பாடு கைவிட்டுப்போய், படிப்பும் உறவும் கெட்டு, வழமையாக 12 மாதமாவது நீடிக்க வேண்டும். அதற்காக ஒரு வருடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பாடசாலைக்குப் போக மறுத்தாலோ, சாக வேண்டும் என்பதுபோல் பேசினாலோ உடனே திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு நீங்களும் அழைக்கலாம், அவனும் அழைக்கலாம்.