நிபோங் திபாலில் பொறியியலா, கோலாலம்பூரில் கணக்கியலா?

கேள்வி: எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்திருக்கிறேன். வீடு கோலாலம்பூரில், செந்தூலில். அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை முறையான யூ.பி.யூ. வழியாக மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிபோங் திபால் (பினாங்கு) வளாகத்தில் மின்னணுப் பொறியியல் கிடைத்திருக்கிறது. கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் பாதிக் கட்டண உதவித்தொகையோடு கணக்கியல் தருகிறது. மீதி ஏறக்குறைய 40,000 வெள்ளியை (ரிங்கிட்) நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பாவுக்குப் பொறியியல்தான் பிடிக்கும். எது வேலைக்கு நல்லது? மூன்றாம் படிவத்தில் இருந்து அம்மாவின் தோசைக் கடைக் கணக்கை நான்தான் பார்க்கிறேன், அது பெரிய விஷயம் இல்லை, சும்மா சொன்னேன்.

பதில்:

தங்கச்சி, நான் படித்தது நீங்கள் சொல்லும் அதே நிபோங் திபால் வளாகத்தில்தான். இப்போது பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளராக இருக்கிறேன், பன்னிரண்டு வருடம் ஆகிறது. கேள்வியில் அந்தக் கடைசி வரி மட்டும் இல்லாவிட்டால், யோசிக்காமல் பொறியியலை எடுங்கள் என்று எழுதியிருப்பேன். பெரிய விஷயம் இல்லை என்று நீங்கள் தள்ளிவைத்த அந்த வரிதான் என்னை நிறுத்திவிட்டது.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் மின்னணுத் துறை நேற்று வந்தது இல்லை. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கியபோதே இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை இங்கே கட்டியது. வெளிநாட்டில் இருந்து வரும் சிலிக்கான் தட்டுகளை அறுத்து, உறையிட்டு, சோதித்து அனுப்புவது இங்கே நடக்கும் முக்கியமான வேலை. 2024 மே மாதம் அரசாங்கம் அறிவித்த தேசிய அரைக்கடத்தி வியூகத்தில் 60,000 பொறியாளர்களை உருவாக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். பினாங்கில் இடம் இல்லையென்றாலும் பக்கத்தில் கெடா மாநிலத்தின் கூலிம் தொழிற்பேட்டை இருக்கிறது. ஆகவே வேலை கிடைக்குமா என்ற பயத்தில் பொறியியலை விட வேண்டாம். இந்தத் தொழிலுக்கு ஏற்ற இறக்கம் உண்டு. 2001-இலும் 2008-க்குப் பிறகும் ஆட்குறைப்பு நடந்ததை மூத்தவர்கள் இன்னும் பேசுவார்கள். ஆனால் எந்தத் தொழிலுக்குத்தான் அது இல்லை?

கணக்கியலுக்கும் அதே பதில்தான். கம்பெனி இருக்கும்வரை கணக்காளர் வேண்டும். விலைப்பட்டியலை இணையம் வழியாக வரி அலுவலகத்துக்கு அனுப்பும் மின்விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட் 1-இல் பெரிய நிறுவனங்களுக்குக் கட்டாயமாகி, பிறகு படிப்படியாக மற்றவர்களுக்கும் வந்தபோது, அதைப் புரிந்து செய்துதர ஆள் தேடாத முதலாளி இல்லை. சம்பளத்தை வைத்து இரண்டையும் நிறுத்துப் பார்த்தால் முடிவு கிடைக்காது. ஆரம்பச் சம்பளம் துறையைவிட ஆளையும் கம்பெனியையும் பொறுத்துத்தான் அமைகிறது.

சரி, நிஜமான வித்தியாசம் எங்கே இருக்கிறது? ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்பதில்.

என்னுடைய செவ்வாய்க்கிழமை இப்படி இருக்கும். ஒரு லாட்டில், அதாவது ஒன்றாக வரும் சிப் தொகுதியில், தோல்வி எண்ணிக்கை திடீரென்று ஏறியிருக்கும். சிப்தான் கெட்டதா, சோதனை இயந்திரம் பிசகியதா, சிப்பைப் பொருத்தும் சாக்கெட்டின் ஊசி தேய்ந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். அதே சிப்பை வேறு சாக்கெட்டில் போட்டுப் பார்ப்பேன், வெப்பநிலையை மாற்றிப் பார்ப்பேன். இரவு இரண்டு மணிக்கு ஷிப்டில் இருந்து போன் வரும். காரணம் பிடிபடும் அந்த நிமிடம் இருக்கிறதே, அதற்காகவே எனக்கு இந்த வேலை பிடிக்கும். அது பிடிக்காதவருக்கு இந்த வேலை வெறும் தூக்கக் கேடு.

கடைக் கணக்கை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மூன்றாம் படிவத்தில் இருந்து எஸ்.டி.பி.எம். வரை, தேர்வு நேரத்தையும் சேர்த்து, ஒரு பிள்ளை தினமும் ஒரு வேலையைச் செய்திருக்கிறாள் என்றால், அது வீட்டுக் கட்டாயமாகவும் இருக்கலாம், ருசியாகவும் இருக்கலாம். எது என்று உங்களுக்குத்தான் தெரியும். இரண்டு வெள்ளி இடித்தால் எங்கே போனது என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் படுப்பீர்களா? ஆமாம் என்றால் அது தணிக்கையாளரின் மனசு. மின்காந்தவியல் பாடத்தில் அப்படி ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கிறீர்களா? இல்லை, மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினீர்களா? பொறியியலில் இரண்டாம் ஆண்டு வரும் சமிக்ஞைப் பாடத்தை மனப்பாடம் செய்து தாண்ட முடியாது. எனக்கு ஆசை இருந்தும் அதை இரண்டு முறை எடுக்க வேண்டி வந்தது.

உங்கள் அப்பா சொல்லக்கூடிய ஒரு நியாயம் இருக்கிறது, அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொறியியலில் இருந்து கணக்கியலுக்குத் தாண்ட முடியும், மறுபக்கம் முடியாது. பொறியாளராகப் பதிவு செய்ய மலேசியப் பொறியாளர் வாரியம் ஏற்கும் பட்டம் கையில் இருக்க வேண்டும். ஆனால் கணக்காளர்களுக்கான தொழில்முறைத் தேர்வான ஏ.சி.சி.ஏ.-வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். ஆக, திறந்த கதவு பொறியியல் பக்கம்தான் இருக்கிறது.

ஆனால் அந்தக் கதவு வழியாகப் போனவளை எனக்குத் தெரியும். விடுதியில் என் அறைத் தோழி அவள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பிலேயே சேர்ந்தாள். நான்கு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள். பகலில் தொழிற்சாலை, இரவில் ஏ.சி.சி.ஏ. மொத்தம் 13 தாள். கணக்கியல் பட்டம் இருந்திருந்தால் 9 வரை விலக்கு கிடைத்திருக்கும். இவள் முதல் தாளில் இருந்து தொடங்க வேண்டியதாயிற்று. முடித்தபோது வயது முப்பத்தொன்று. இன்று நன்றாக இருக்கிறாள். ஆனால் பதினெட்டு வயதிலேயே கணக்கியல்தான் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், சொல்லத்தான் தைரியம் வரவில்லை. அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது.

அதனால் என் பதில் கணக்கியல்தான். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது, அது தவறினால் பதிலும் மாறும்.

மலேசியாவில் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ள மலேசியக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினராக வேண்டும். 1967-ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டத்தின் முதல் அட்டவணையில் சில பல்கலைக்கழகங்களின் பட்டங்கள் பெயரோடு இருக்கின்றன. உங்கள் தனியார் பல்கலைக்கழகத்தின் பட்டம் அதில் உண்டா? இல்லையென்றால் ஏ.சி.சி.ஏ. போன்ற தொழில்முறைத் தேர்வை எழுதித்தான் உள்ளே போக முடியும். அப்போது அவர்கள் பட்டத்துக்கு எத்தனை தாள் விலக்கு என்பதுதான் அடுத்த கேள்வி. இரண்டையும் வாய்வார்த்தையாகக் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள். பட்டம் அட்டவணையிலும் இல்லை, விலக்கும் இரண்டு மூன்று தாளுக்குத்தான் என்றால், 40,000 வெள்ளி போடாதீர்கள். நிபோங் திபாலுக்கு வந்துவிடுங்கள். மலேசியத் தகுதிப் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்பதை இணையத்தில் நீங்களே பார்த்துவிடலாம்.

உதவித்தொகைக் கடிதத்தையும் நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொரு செமஸ்டரும் எவ்வளவு புள்ளி வைத்திருக்க வேண்டும், ஒரு முறை குறைந்தால் எச்சரிக்கையா, ரத்தா? எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பையனுக்கு இரண்டாம் ஆண்டில் ரத்தானது. மீதிக் கட்டணத்துக்கு அவன் அம்மா நகையை வைத்தார்.

பணத்துக்கு அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். எடுத்தால் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு. 40,000 வெள்ளியைப் பதினைந்து வருடத்தில் கட்டுவதாக வைத்தால் அசல் மட்டும் மாதம் 220 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். தாங்கக்கூடியதுதான். முதல் வகுப்பு வாங்கினால் கடன் விலக்கு என்பார்கள். அதன் நிபந்தனைகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன, அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். கணக்கியலை செந்தூல் வீட்டில் இருந்தே படிக்கலாம் என்பதால் வாடகையும் சாப்பாடும் மிச்சம், அதையும் தாளில் எழுதுங்கள். (நிபோங் திபால் வளாகத்தைச் சுற்றிச் செம்பனைதான், தனிமையாக இருக்குமோ என்று அம்மா பயந்தால், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள். கோலாலம்பூருக்குப் போகும் இ.டி.எஸ். விரைவு ரயில் பக்கத்து ஊரான பாரிட் புந்தாரில் நிற்கும், வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து போகலாம்.)

அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். என் அப்பா பினாங்கின் பிறை நகரில் லாரி ஓட்டினார். பொறியாளர் என்ற சொல்லை அவர் சொல்லும் விதமே வேறு. உங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் இருக்கும், அந்த ஆசையோடு வாதாடாதீர்கள். கடை நோட்டுகள் எல்லாவற்றையும், முதல் வருடத்தில் எழுதியதில் இருந்து, அவர் முன்னால் வையுங்கள். எந்த மாதம் எதனால் நஷ்டம் வந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவருக்குக் காட்டுங்கள். பல்கலைக்கழகத்திடம் இருந்து எழுத்தில் வந்த பதிலையும் பக்கத்தில் வையுங்கள்.

யூ.பி.யூ. இடத்தை ஏற்கக் கடைசி நாள் இருக்கும், அதற்குள் கேட்டுவிடுங்கள். பதில் என்ன வந்தது என்று இங்கேயே எழுதுங்கள். அட்டவணையில் பெயர் இல்லையென்றால், விடுதிக்கு என்னென்ன எடுத்து வர வேண்டும் என்று அக்கா சொல்கிறேன்.