மூன்று யுகம், மூன்று ஆட்டம்: சிவிலைசேஷன் 7 வாசகர் கேள்வி பதில்

ஒரு நாகரிகத்தைப் படிப்படியாக வளர்த்தெடுக்கும் வியூக ஆட்டமாக 1991-இல் சிட் மெயர் தொடங்கிவைத்த சிவிலைசேஷன் தொடரின் ஏழாவது ஆட்டம் 2025 பிப்ரவரி 11 அன்று பி.சி., பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் என எல்லாவற்றிலும் ஒரே நாளில் வந்தது. வெளியானபோது இருந்த பதிப்பை வைத்தே இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். ஆட்டம் தமிழில் இல்லை. திரையில் பார்க்கும் சொல்லே கைக்கு உதவும் என்பதால் டவுன் (சிறிய ஊர்), சிட்டி (பெரிய ஊர்), டர்ன் (ஆடும் முறை), கமாண்டர் (படைத்தலைவர்) என்று அப்படியே எழுதுகிறோம்.

கேள்வி: முதல் யுகத்தில் நன்றாக வளர்ந்து வந்தேன். திடீரென்று யுகம் முடிந்தது. தலைநகரைத் தவிர சிட்டி எல்லாம் டவுனாக இறங்கிவிட்டது, படையில் பலரைக் காணோம். ஆட்டத்தில் ஏதாவது கோளாறா? (வாசகர், கரூர்)

பதில்: கோளாறு இல்லை, ஆட்டமே அப்படித்தான். பழங்காலம், கடற்பயண காலம், நவீன காலம் என்று மூன்று யுகம். ஒவ்வொன்றின் முடிவிலும் பலகையைப் பாதி துடைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்குவார்கள். பழைய சிவிலைசேஷன் பழக்கத்தில் ஒரே நீள ஆட்டமாக நினைத்து உட்காருகிறவர்கள் எல்லோரும் முதலில் அடி வாங்கும் இடம் இது.

துடைத்த பிறகு எது மிஞ்சும் என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடும். கமாண்டர் மிஞ்சுவார், அவர் சேர்த்த பதவி உயர்வுகளும் மிஞ்சும். படைவீரர்களில் கமாண்டர்களுக்குள் அடங்கும் அளவுதான் பெரும்பாலும் அடுத்த யுகத்துக்கு வரும். உலக அதிசயங்கள் நிற்கும். தானியக் கிடங்கு, செங்கல் சூளை, மர அறுவைக் கிடங்கு போன்ற கிடங்குக் கட்டடங்களும், உங்கள் நாகரிகத்துக்கே உரிய தனிக் கட்டடங்களும் ‘ஏஜ்லெஸ்’ வகை என்பதால் அவற்றின் பலன் குறையாது. சாதாரண நூலகமும் சந்தையும் இடத்தில் இருக்கும். ஆனால் பக்கத்துக் கட்டங்களிலிருந்து அவற்றுக்கு வந்த கூடுதல் பலன் போய்விடும். புது யுகத்தில் அவற்றின் மேலேயே புதுக் கட்டடம் எழுப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

நடந்துகொண்டிருக்கும் போரும் அறுந்துவிடும். எதிரியின் மதில் இடிந்து இன்னும் இரண்டே டர்னில் ஊர் கைக்கு வரும் என்ற நிலையிலும் யுகம் முடிந்தால் ஊர் அவனுடையதுதான். அதனால் திரையில் மேலே இருக்கும் யுக முன்னேற்றச் சதவீதத்தை அவ்வப்போது பாருங்கள். அது டர்னுக்கு டர்ன் ஏறும். அது தவிர யாராவது யுகத்துக்குரிய இலக்குப் பாதைகளில் ஒரு மைல்கல்லைத் தொட்டால் இன்னும் கொஞ்சம் குதிக்கும். எதிரி தொட்டாலும் குதிக்கும். ‘இன்னும் இருபது டர்ன் இருக்கிறது’ என்று போட்ட கணக்கு பொய்த்துப்போவது இதனால்தான்.

யுகத்தின் கடைசிப் பகுதியில் கொள்ளைநோய், கலகம், படையெடுப்பு என ஏதாவது ஒரு நெருக்கடி வரும். அது தலைகாட்டியதும் சாதாரணக் கட்டடங்களை நிறுத்திவிடுங்கள். கமாண்டர் குறைவாக இருந்தால் இன்னொருவரை எடுங்கள். பாதியில் நிற்கும் அதிசயத்தை முடியுங்கள். முதல் யுகத்தில் அந்த இலக்குப் பாதைகளில் ஒன்றான பொருளாதாரப் பாதைக்கு 20 வளங்களைச் சேர்த்து முடித்தவருக்கு, அடுத்த யுகத் தொடக்கத்தில் ஒரு பொற்காலத் தேர்வு கிடைக்கும். அதை எடுத்தால் சிட்டி எதுவும் டவுனாக இறங்காது. கரூர் வாசகர் அடுத்த முறை இதையே குறி வைக்கலாம்.

கேள்வி: நாகரிகத்தை நடுவில் மாற்றுவது ஹ்யூமன்கைண்ட் ஆட்டத்தில் ஏற்கெனவே பார்த்ததுதானே? (வாசகர், பெங்களூரு)

பதில்: விதை ஒன்றுதான். 2021-இல் வந்த ஹ்யூமன்கைண்டில் நட்சத்திரங்களைச் சேர்த்தவர் முந்திக்கொண்டு அடுத்த காலத்துக்குத் தாவலாம். இங்கே யுகம் மாறும்போது எல்லோரும் ஒரே நேரத்தில், இரண்டே முறை வேறு நாகரிகத்துக்கு மாறுகிறார்கள். தலைவர் மட்டும் கடைசிவரை மாறுவதில்லை. எதிரே நிற்பது யார் என்ற குழப்பம் அதனால் குறைகிறது.

கேள்வி: ஊர்களைப் பெருக்கினால் மகிழ்ச்சி சரிகிறது. எத்தனை ஊர் வைக்கலாம்? எல்லாவற்றையும் சிட்டி ஆக்கவேண்டுமா? (வாசகர், மதுரை)

பதில்: திரையின் மேல்பட்டையில் ஊர் வரம்பு எண்ணாகவே தெரியும். வரம்பைத் தாண்டும் ஒவ்வோர் ஊருக்கும், உங்களுடைய எல்லா ஊர்களிலும் 5 மகிழ்ச்சி குறையும். ஒன்று தாண்டினால் சமாளிக்கலாம். இரண்டு, மூன்று என்று போனால் ஓரத்து ஊர்கள் முதலில் கொந்தளிக்கும். வரம்பை உயர்த்தும் ஆய்வுகளும் குடியியல் மேம்பாடுகளும் வரிசையில் எங்கே வருகின்றன என்று பார்த்துக்கொண்டு குடியேறிகளை அனுப்புங்கள்.

எல்லாவற்றையும் சிட்டி ஆக்குவது வீண்செலவு. டவுனின் உற்பத்தி முழுதும் தங்கமாக மாறி உங்கள் கஜானாவுக்கு வரும். அந்தத் தங்கத்தைக் கொண்டு டவுனில் கட்டடமும் வாங்கலாம், படையும் வாங்கலாம். டவுனின் மக்கள்தொகை 7 ஆனதும் அதற்கு ஒரு தொழிலைக் கொடுக்கலாம். உழவு, மீன்பிடி ஊராக்கினால் அது தன் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு தன் உணவைச் சாலையால் இணைந்த சிட்டிகளுக்கு அனுப்பும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். இணைப்பே இல்லாத டவுனை உழவூர் ஆக்கிவிட்டு, ‘சிட்டி வளரவில்லையே’ என்று தேடுகிறார்கள். முதலில் இணைப்பைச் சரிபாருங்கள், பிறகு தொழிலை மாற்றுங்கள். ஒரு சிட்டிக்கு இரண்டு மூன்று டவுன் சோறு போடுவது முதல் யுகத்துக்கு நல்ல அளவு.

கேள்வி: கட்டடத்தை எங்கே வைத்தால் அதிகப் பலன் என்று ஆட்டம் எண்ணைக் காட்டுகிறது, காரணத்தைச் சொல்லமாட்டேன் என்கிறது. (வாசகர், சென்னை)

பதில்: நியாயமான குறை. திரை அமைப்பு இந்த ஆட்டத்தின் பலவீனமான பகுதி. இத்தனை ஆழமான கணக்கைச் செய்துவைத்துவிட்டு அதை விளக்காமல் விட்டது வருத்தமளிக்கிறது. ஆனால் கணக்கு எளிமையானதுதான். அறிவியல், உற்பத்திக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் வளம் வேண்டும். உணவு, தங்கக் கட்டடங்களுக்குக் கடற்கரையோ கப்பல் ஓடும் ஆறோ வேண்டும். பண்பாடு, மகிழ்ச்சிக் கட்டடங்களுக்கு மலையும் இயற்கை அதிசயமும் வேண்டும். நீங்கள் கட்டும் உலக அதிசயம் பக்கத்தில் இருந்தால் எல்லா வகைக்கும் பலன்.

ஒரு கட்டத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். வடகிழக்கே இரும்பு, தென்கிழக்கே பளிங்கு, மேற்கே வெறும் புல்வெளி. அந்தக் கட்டத்தில் நூலகம் வைத்தால் இரண்டு வளங்களும் அதற்குப் பலன் தரும். அதே கட்டத்தில் இன்னொரு கட்டடத்துக்கும் இடம் உண்டு. அங்கே உற்பத்திக் கட்டடத்தைச் சேர்த்தால் அந்த இரண்டு வளமும் மறுபடி எண்ணப்படும். பிறகு மேற்குப் புல்வெளியில் ஓர் அதிசயம் எழுப்பினால் இரண்டு கட்டடமும் ஒன்றாக உயரும். நிபுணரை (கட்டடக் கட்டத்தில் அமர்த்தும் குடிமகனை) குடியமர்த்தவேண்டியதும் இப்படிப்பட்ட கட்டத்தில்தான். அவர் 2 அறிவியலும் 2 பண்பாடும் தருவதோடு அக்கம்பக்கப் பலனையும் பாதி கூட்டுவார். ஈடாக 2 உணவும் 2 மகிழ்ச்சியும் செலவாகும். பக்கத்துப் பலனே இல்லாத கட்டத்தில் அவரை உட்காரவைத்தால் சோற்றுக்குத்தான் கேடு.

கேள்வி: கமாண்டர் எதற்கு? தனித்தனியாகப் படையை நகர்த்தினால் போதாதா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: போதாது. அனுபவமும் பதவி உயர்வும் இப்போது கமாண்டருக்கு மட்டும்தான், வீரர்களுக்குக் கிடையாது. தொடக்கத்தில் ஒரு கமாண்டருக்குள் 4 படைகளை அடைத்து ஒரே பொருளாக நடத்திச் செல்லலாம். காட்டிலும் மலை இடுக்கிலும் நான்கு படைகள் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிற்கும் பழைய தொல்லை தீர்ந்தது. இந்த ஆட்டத்தில் மனதார மெச்சவேண்டிய முதல் விஷயம் இதுதான்.

தவறு எங்கே நேரும் என்றால், படையைப் பகைவன் முன்னால் போய் இறக்குவதில். இறங்கிய டர்னில் அவர்களால் நகர முடியாது, எதிரியின் வில்லாளிகளுக்கு இலக்காக நிற்பார்கள். முதல் பதவி உயர்வைத் தாக்குதல் கிளையில் ‘இனிஷியேட்டிவ்’ மீது போடுங்கள். அதன் பிறகு இறங்கிய கையோடு நகரலாம். அதுவரை இரண்டு கட்டம் தள்ளி இறக்குங்கள். சண்டை நடக்கும்போது கமாண்டரைப் பின்னால் ஒளித்துவைக்கவும் கூடாது. அவருடைய சுற்றெல்லைக்குள் நடக்கும் சண்டையில்தான் அவருக்கு அனுபவம் ஏறும். தோற்றாலும் அவர் அடியோடு அழிவதில்லை, சில டர்ன் கழித்து மீண்டு வருவார்.

கேள்வி: பழைய லேப்டாப்பில் ஓடுமா? (வாசகர், சேலம்)

பதில்: குறைந்தபட்சம் 8 ஜி.பி. ராம், ஜி.டி.எக்ஸ். 1050 அல்லது ஆர்.எக்ஸ். 460 அளவில் ஒரு கிராபிக்ஸ் கார்டு, 20 ஜி.பி. இடம். தனிக் கார்டு இல்லாத லேப்டாப்பில் வாங்கிவிட்டுத் தவிக்கவேண்டாம்.

கேள்வி: இப்போதே வாங்கலாமா, பொறுக்கலாமா? (வாசகர், கோலாலம்பூர்)

பதில்: தொடரின் ஆறாவது ஆட்டம் கையில் இருந்து அதில் இன்னும் சலிப்பு வரவில்லை என்றால் பொறுங்கள். வெளியீட்டு நிலையில் ஊர்ப் பெயரை மாற்ற வழி இருக்கவில்லை. வென்ற பிறகு ‘இன்னும் ஒரு டர்ன்’ என்று தொடர வழி இருக்கவில்லை. வரைபட அளவும் ஸ்டாண்டர்டுக்கு மேல் இருக்கவில்லை. இவையெல்லாம் இந்தத் தொடரில் பல ஆண்டுகளாக இருந்தவை. பி.சி. ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் கலவையான மதிப்பீடே வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கிரேட் பிரிட்டனையும் கார்த்தேஜையும் தனிக் காசுக்கு 2025 மார்ச் மாதத்துக்கு ஒதுக்கிவைத்ததும் பலரைப் புண்படுத்தியிருக்கிறது. புதிய கணக்கைப் புரிந்துகொள்ளும் ஆசை இருப்பவர் சாதாரணப் பதிப்பை வாங்கினால் போதும். தொடங்கும்போது யுக நீளத்தை ‘லாங்’ என்று வைத்துக்கொண்டால் நின்று நிதானமாகக் கற்கலாம்.

கேள்வி: சோழர் இருக்கிறார்களாமே? ராஜேந்திரனாக ஆடலாமா? சித்திரிப்பு சரியாக இருக்கிறதா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: சோழர் இருக்கிறார்கள். இத்தொடரில் அவர்கள் தனி நாகரிகமாக வருவது இதுவே முதல் முறை. இந்தியாவை ஒரே பொட்டலமாகக் கட்டிவந்த வழக்கத்தை விட்டு, மௌரியர், சோழர், முகலாயர் என்று யுகத்துக்கு ஒருவராகப் பிரித்திருக்கிறார்கள். முதல் யுகத்தில் மௌரியராக ஆடியவருக்கு இரண்டாம் யுகத்தில் சோழரைத் தேர்ந்தெடுக்கும் வழி திறக்கும். மௌரியரிலிருந்து சோழர் வந்தார்கள் என்று வரலாறு படித்த யாரும் சொல்லமாட்டார்கள். ஆட்டத்தின் வசதிக்காகப் போட்ட பாலம் அது.

ராஜேந்திரன் இல்லை, ராஜராஜனும் இல்லை. தலைவரும் நாகரிகமும் வேறுவேறு என்பதால் அசோகரையோ அகஸ்டஸையோ அரியணையில் வைத்துத்தான் சோழ நாட்டை ஆளவேண்டும். 1025-இல் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கிய மன்னனுக்கு, கடற்பயணமே உயிரான யுகத்தில் இடமில்லை என்பது பெரிய குறை. ராஜேந்திரனாகப் போர் நடத்தியே தீரவேண்டும் என்பவருக்கு 2022-இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா இணைப்பில் அவன் பெயரிலேயே ஒரு தொடர்ப்போர் உண்டு.

ஆனால் சோழரை வணிகத்தின் வழியாகப் பார்த்திருக்கிறார்கள், அது மகிழ்ச்சியான தேர்வு. அவர்களின் தனிக் கப்பலுக்குக் ‘கலம்’ என்றே பெயர். தனிக் கட்டடங்கள் இரண்டு: அஞ்சுவண்ணம், மணிக்கிராமம். இரண்டையும் ஒரே கட்டத்தில் கட்டினால் அது ‘ஐந்நூற்றுவர்’ என்ற தனி வட்டாரமாகும். தனித்தனிக் கட்டத்தில் வைத்துவிட்டால் அந்தப் பலன் கிடைக்காது, பிறகு மாற்றவும் முடியாது. முதலாவதை வைக்கும்போதே அந்தக் கட்டத்தில் இரண்டாவதற்கு இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயர்கள் கற்பனை அல்ல. கொல்லத்தின் தரிசாப்பள்ளிச் செப்பேடு 849-இலேயே அஞ்சுவண்ணத்தையும் மணிக்கிராமத்தையும் குறிப்பிடுகிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு 1088-இல் சுமத்ராவின் பாருஸில் தமிழ்க் கல்வெட்டு வைத்திருக்கிறது. கோயிலும் வாளும் மட்டுமே சோழர் என்று காட்டாமல், துறைமுகத்து வணிகரின் பெயரைத் தேடிப் பிடித்துக் கட்டடத்துக்கு இட்டவருக்கு நம் நன்றி. 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலும் சோழருக்குரிய உலக அதிசயமாக உண்டு.

கேள்வி: சோழராக ஆடிக் கடல் கடந்து ஊர் வைத்துவிட்டேன். புதையல் சரக்கை ஏற்றிவரும் பொருட்கப்பல் வரவே இல்லை, பொருளாதாரப் பாதையின் புள்ளியும் ஏறவில்லை. (வாசகர், திருச்சி)

பதில்: மூன்று இடத்தில் பாருங்கள். முதலில் அந்த ஊரின் எல்லைக்குள் மசாலா, சர்க்கரை, தேயிலை, கோக்கோ போன்ற புதையல் வகை வளம் இருந்து, அதை மேம்படுத்தியிருக்கவேண்டும். ஏதோ ஒரு வளம் போதாது. அடுத்து அந்த ஊரில் மீன்பிடித் துறை கட்டப்பட்டிருக்கவேண்டும். தங்கம் கொடுத்து உடனே வாங்கிவிடலாம். மூன்றாவது, கப்பல் கட்டும் கலை. கார்ட்டோகிராஃபி ஆய்வோடு ஆழ்கடலில் இறங்கலாம், ஆனால் டர்னுக்கு டர்ன் கப்பல் சேதமாகும். ஷிப்பில்டிங் ஆய்வை முடித்த பிறகே சேதம் நிற்கும், பொருட்கப்பலும் வரத் தொடங்கும்.

வந்த கப்பல் தானாகப் புள்ளி தராது. அதை உங்கள் தாய்க்கண்டத்து ஊர் ஒன்றுக்கு ஓட்டிவந்து சரக்கை இறக்கும் கட்டளையைக் கொடுக்கவேண்டும். இந்த யுகத்தின் பொருளாதாரப் பாதையை முடிக்க 30 புள்ளி. வழியில் எதிரிக் கப்பல் அதைப் பறித்துக்கொள்ளவும் முடியும் என்பதால் கூடவே ஒரு கலத்தை அனுப்புங்கள். யுகம் முடியும் தறுவாயில் நடுக்கடலில் நிற்கும் சரக்குக்குப் புள்ளி இல்லை. நெருக்கடி தொடங்கிய பிறகு புறப்படும் கப்பலைக் கண்ணுக்குத் தெரியும் முதல் துறையிலேயே இறக்கிவிடுங்கள், தலைநகர் வரை கொண்டுபோக வேண்டியதில்லை.