முதல் நாள் மைக் வேண்டாம்

கேள்வி: நீலகிரியில் நாற்றங்கால் வேலை, காட்டில் களையாகப் பரவும் உண்ணிச்செடியை அகற்றுவது, காட்டுத்தீ தடுப்பு என்று காட்டைக் காக்கும் வேலையில் இருக்கிற பழங்குடிப் பெண்களுக்காக இரண்டு நாள் ஒன்றுகூடல் நடத்தப்போகிறோம். போன வருடம் நாற்பது பேர் வந்தார்கள். ஆனால் பேசியதெல்லாம் நாங்கள்தான். இந்த முறை என்ன செய்யலாம் அக்கா?
வாசகி, கூடலூர்

பதில்: அன்புத் தங்கைக்கு, நான் முதன்முதலில் நடத்திய கூட்டமும் அப்படித்தான் போனது. மேடை, பேனர், வரிசையாக நாற்காலி. ஓர் இருளர் பாட்டி நாற்காலி நுனியில் உட்கார்ந்து மதியம் வரை முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தார். சாப்பிட்டுவிட்டு வெளியே நடந்தபோது வேலியோரம் ஒரு நாவல் கன்று வாடி நின்றது. பாட்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்து, "பையைக் கிழிக்காமயே நட்டிருக்காங்க" என்றார். பிளாஸ்டிக் பைக்குள்ளேயே வேர் சுருண்டு கிடந்தது. அப்புறம் அரை மணி நேரம் அவர்தான் பேசினார். நாவல் விதையை எடுத்துவைத்தால் முளைக்காது, பொறுக்கிய கையோடு போட்டுவிட வேண்டும். நெல்லியை வெயிலில் காயவைத்தால் கொட்டை தானாக வெடித்து விதை வரும். நாங்கள் மண்ணில் உட்கார்ந்து கேட்டோம்.

அதனால், முதல் நாள் காலையில் மைக்கை எடுக்காதீர்கள். காட்டோரமாகவோ நாற்றங்காலுக்கோ நடந்து போங்கள், அவர்கள் முன்னால் போகட்டும்.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லோருக்கும் ஒரே மொழி இல்லை. தமிழில் பேசினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு மொழிக்கும் அந்தச் சமூகத்துப் பெண் ஒருத்தி எடுத்துச் சொல்லட்டும், அதற்குச் சம்பளமும் கொடுங்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் அன்றைய கூலி, பஸ் காசு இரண்டையும் அன்றே கையில் கொடுத்துவிட வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத்தானே வருகிறார்கள்! கைக்குழந்தையோடு வருவார்கள், தூளி கட்ட இடம் பாருங்கள். நாலு மணிக்கு முடித்துவிடுங்கள். இருட்டினால் வழியில் யானை நிற்கும். சமையலை மட்டும் அவர்கள் தலையில் கட்டாதீர்கள். அந்த இரண்டு நாளும் ஆண்கள் அடுப்பைப் பார்க்கட்டும்.

மூலிகைப் பேச்சு வந்தால் கேட்காமல் போனில் பதிவு செய்யக் கூடாது. அகத்தியமலைக் காணிப் பழங்குடியினர் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்துதான் 'ஜீவனி' மருந்து வந்தது. அந்த அறிவுக்கு விலை உண்டு, சொல்லலாமா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

இரண்டாம் நாள் 2006 வன உரிமைச் சட்டத்தை எடுங்கள். காட்டையும் காட்டுயிர்களையும் பாதுகாக்கும் அதிகாரத்தை அதன் 5-ஆம் பிரிவு கிராம சபைக்கே கொடுக்கிறது. அந்தச் சபை தேர்ந்தெடுக்கும் 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருந்தாக வேண்டும். இதை வகுப்பாக எடுக்காமல், "உங்க ஊர்க் குழுவுல எந்தப் பொம்பள இருக்கா?" என்று ஊர் ஊராகக் கேளுங்கள். சில ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பேச்சு அங்கேதான் தொடங்கும், அதற்கு நிறைய நேரம் விடுங்கள்.

தேதி குறித்துவிட்டீர்களா? இன்னும் இல்லையென்றால், போன வருடம் வந்தவர்களில் மூன்று நான்கு பேரை இந்த வாரமே அவர்கள் வீட்டில் போய்ப் பாருங்கள். தேன் எடுக்கிற காலம் எது, காட்டுத்தீ பரவாமல் இருக்கத் தீக்கோடு வெட்டுகிற காலம் எது என்று அவர்களுக்குத்தான் தெரியும். தேதியை அவர்கள் சொல்லட்டும்.