மரப்பெரணி: மாடித்தோட்டக்காரர்கள் கேட்டவை

குன்னூர் சிம்ஸ் பூங்காவில் எடுத்த மரப்பெரணி (மரம் போல வளரும் ஃபெர்ன்) படத்தை நம் தோட்ட நண்பர்களிடம் காட்டியதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அண்ணா நகர்: சார், பார்த்தால் பனை மாதிரி இருக்கிறது. பெரணி என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இளங்குருத்தைப் பாருங்கள் அம்மா. தொட்டதும் சுருளும் மரவட்டை போல இருக்கும், பிறகு மெல்லப் பிரியும். இதற்குப் பூ கிடையாது, காய் கிடையாது, விதையும் கிடையாது. முற்றிய இலையைத் திருப்பினால் அடியில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். அவற்றிலிருந்து கொட்டும் தூள்தான் விதைக்குப் பதிலாக இனம் பெருக்கும் வித்து (ஸ்போர்). அது ஈரத்தில் விழுந்தால் நேராகச் செடியாகிவிடாது. முதலில் நகக்கண் அளவில், இதய வடிவில் ஒரு பச்சைச் செதில் முளைக்கும். அதன் ஆண் அணு நீரில் நீந்திப் போய்ப் பெண் அணுவைச் சேர வேண்டும். அந்தக் கொஞ்சம் தண்ணீர் இல்லையென்றால் அடுத்த தலைமுறை இல்லை. மழைமேகம் தங்கும் சோலைக்காட்டை இது விடாமல் பிடித்திருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

தாம்பரம்: மரத்தை வெட்டி வளையம் எண்ணினால் வயது தெரியுமா?

வெட்டவே வேண்டாம், வளையம் இருக்காது. வேம்பு, தேக்கு போல இது ஆண்டுக்காண்டு பருப்பதில்லை. அடிப்பக்கம் தடித்துத் தெரிவதெல்லாம் தண்டைச் சுற்றி இறங்கிய வேர்களின் பின்னல். அந்த நாருக்காகவே ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் இதைத் தேடினார்கள். நமக்கெதற்கு அது? தேங்காய் மட்டைத் துண்டில் ஆர்க்கிட் நன்றாகவே பிடிக்கிறது.

மயிலாப்பூர்: நம் ஊர் மலைகளில் என்னென்ன வகை உண்டு?

நீலகிரியின் பெயரைத் தாங்கிய அல்சோஃபிலா நீல்கிரென்சிஸ், கரிய காம்புள்ள ஜைகாண்டியா, பிறகு கிரினிடா. கடைசியாகச் சொன்னது பழனி மலைப் பக்கமும் இலங்கையிலும் இருக்கிறது. கிரினிடா என்றால் லத்தீனில் நீண்ட மயிருடையது என்று பொருள். இவையெல்லாம் சையத்தியா குடும்பம். வெளிநாட்டு வணிகத்துக்கு, காட்டு உயிரினங்களைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் கட்டுப்பாடு உண்டு. காட்டிலிருந்து பிடுங்கி வருவது குற்றம், அதைப் பற்றி என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.

வேளச்சேரி: சென்னையில் வளருமா சார்?

நானும் ஆசைப்பட்டேன். ஒரு நர்சரியில் கன்று வாங்கி, பச்சை வலைக்கடியில் வைத்து, தினம் மூன்று வேளை தண்ணீர் தெளித்தேன். அக்னி நட்சத்திரம் வந்ததும் குருத்து கருகியது, ஆடிக்குள் குச்சிதான் மிச்சம். கடற்காற்றில் ஈரம் இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் இரவிலும் தணியாத வெப்பத்தை அதனால் தாங்க முடியவில்லை. மலையில் இரவு குளிர்ந்துவிடும், இங்கே எங்கே?

பெரம்பூர்: வீட்டில் சைகஸ் இருக்கிறது. அதுவும் இந்த வகைதானே?

இல்லை. அது விதை போடும் தாவரம், உருவம்தான் ஏமாற்றுகிறது.

அடையாறு: அப்போது பெரணி ஆசைக்கு என்ன வழி?

பாஸ்டன் பெரணி வாங்குங்கள். நிழல் போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனி காயும், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள். ஆர்ஓ கழிவுநீர் மட்டும் வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.