மலையடிவாரத்தில் மிதக்கும் மண்டபம்

கேள்வி: பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு கல்மண்டபத்தை உருவாக்கி, ஓபிஜே (OBJ) என்ற முப்பரிமாண மாதிரிக் கோப்பாக மாற்றி, நிலக்காட்சிகளை உருவாக்கும் டெர்ராஜென் மென்பொருளில் அமைத்த மலையடிவாரக் காட்சியில் வைத்தேன். தூண் சிற்பங்கள்வரை பார்த்துப் பார்த்துச் செய்திருந்தும், மண்டபம் வெட்டி ஒட்டியதுபோலவே தெரிகிறது. சிற்பங்களில் இன்னும் நுணுக்கம் கூட்ட வேண்டுமா?
– வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் தூண்கள் அழகாகவே இருக்கின்றன. குறை இருப்பது, அடிப்பீடம் மண்ணைத் தொடும் கோட்டில். அது ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல ஓடுகிறது. பல காலம் வெயிலிலும் மழையிலும் நின்ற கட்டடத்தின் அடிப்பகுதியை நினைத்துப் பாருங்கள்: மழைநீர் தெறித்து ஒரு சாண் உயரத்துக்குக் கல்லில் செம்மண் ஏறியிருக்கும், காற்று கொண்டுவந்த மண் மூலைகளில் சரிந்து குவிந்திருக்கும், ஆள் நடமாடாத பக்கத்தில் புல் மண்டியிருக்கும். ஆகவே மண்டபத்தை 20 அல்லது 30 சென்டிமீட்டர் தரைக்குள் இறக்கி, கல்லின் கீழ்ப்பகுதிக்குத் தரையின் நிறத்தையே சற்றுப் பூசி, சேரும் இடத்தில் சிறு கற்களையும் புல்லையும் ஒழுங்கின்றித் தூவுங்கள். டெர்ராஜெனில் தரையின் நுண்ணிய மேடுபள்ளங்கள் இறுதி ரெண்டரில்தான் (கணினி காட்சியைக் கணக்கிட்டுப் படமாக வரையும் கட்டத்தில்தான்) முழுமையாக உருவாகும் என்பதால், முன்னோட்டத்தில் ஒட்டி நிற்கும் பீடம் இறுதிப் படத்தில் ஆங்காங்கே அந்தரத்தில் நிற்கக்கூடும். அந்தப் பகுதியை மட்டும் உயர்ந்த தரத்தில் ரெண்டர் செய்து பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நிறம். புதிதாய் விழுந்த பனியே தன்மேல் படும் ஒளியில் ஏறத்தாழ 80 முதல் 90 விழுக்காட்டைத்தான் திருப்பி அனுப்புகிறது. உங்கள் மண்டபத்தின் சுண்ணாம்புச் சுவரோ முழு வெள்ளை, அதாவது படும் ஒளி அனைத்தையும் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் மலை மங்கியும் சுவர் விளக்குப்போல எரிந்தும் தெரிகின்றன. கல்லுக்கு நீங்கள் பயன்படுத்திய புகைப்படமும் நல்ல வெயிலில் எடுத்தது. அதிலுள்ள நிழல் ஒரு பக்கம் சாய, காட்சியின் சூரியன் தரும் நிழல் மறுபக்கம் சாய்கிறது. மேகமூட்டமான நாளில் எடுத்த படமே டெக்ஸ்சருக்கு, அதாவது மாதிரியின் மேற்பரப்பில் போர்த்தும் படத்துக்கு, உகந்தது.

அளவையும் சரிபாருங்கள். ஓபிஜே கோப்பு எண்களை மட்டுமே சுமக்கும், அலகைச் சொல்லாது. சென்டிமீட்டரில் வரைந்த 4 மீட்டர் மண்டபம் 400 என்ற எண்ணோடு வந்து சேரும்; டெர்ராஜென் அதை 400 மீட்டராக எடுத்துக்கொண்டு, மலைக்குப் போட்டியாக நிறுத்திவிடும். கண்மதிப்பில் சுருக்குவதைவிட, 2 மீட்டர் உயரக் கம்பம் ஒன்றை அருகில் நட்டு ஒப்பிடுவது நல்லது.

கேள்வி: மண்டபத்தைத் தனியே ரெண்டர் செய்து, ஃபோட்டோஷாப்பில் சேர்க்கலாமா?
– அதே வாசகர்

பதில்: தொலைவில் நிற்கும் கட்டடம் என்றால் சேர்க்கலாம். கேமராவின் இடம், கோணம், லென்ஸ் ஆகியவற்றோடு சூரியனின் திசையும் உயரமும் பிளெண்டர், டெர்ராஜென் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தூரம் கூடக்கூடக் காற்றின் மங்கல் முதலில் விழுங்குவது கருநிழல்களைத்தான் என்பதால், ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எவ்வளவு தொலைவில் என்று காட்டும் டெப்த் பாஸ் என்ற படத்தையும் தனியே எடுத்து, அதைக்கொண்டு மண்டபத்தின் நிழல்களில் வானத்தின் நீலத்தைக் கலக்க வேண்டும். உங்கள் மண்டபமோ காட்சியின் முன்பக்கத்தில், புல்லுக்கு நடுவே நிற்கிறது. ஒவ்வொரு புல்லின் நிழலையும் பீடத்தின்மேல் கையால் வரையப் பொறுமை இருந்தாலொழிய, டெர்ராஜெனுக்குள்ளேயே ரெண்டர் செய்துவிடுங்கள்.