ராக், சோல் ஆல்பங்கள்: எங்கே தொடங்குவது?

அறுபது, எழுபதுகளின் ராக், சோல் (அமெரிக்கக் கறுப்பர்களின் தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்த இசை) ஆல்பங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சொல்வதெல்லாம் என் காதுக்குப் பிடித்தவை. சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம்.

கிடார் தம்பி: லெட் செப்பலின், டீப் பர்ப்பிள் எல்லாம் மனப்பாடம் அண்ணே. சோல் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்க.

ஓட்டிஸ் ரெடிங்கின் 'ஓட்டிஸ் புளூ', 1965. பலரும் இன்னொரு சோல் பாடகரான மார்வின் கேயில் ஆரம்பிக்கச் சொல்வார்கள். ராக் கேட்டு வளர்ந்த காதுக்கு ஓட்டிஸ்தான் பொருத்தம். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டு ஒன்றும் இதில் இருக்கிறது: ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்'. அது வெளிவந்த சில வாரங்களிலேயே ஓட்டிஸ் பாடிவிட்டார். கீத் ரிச்சர்ட்ஸ் கிடாரில் வாசித்த அந்த வரியை இங்கே டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஊதுகின்றன. வேடிக்கை என்னவென்றால், கீத் மனதில் முதலில் இருந்ததே ஊதுகருவிகள்தான்.

பதிவானது மெம்ஃபிஸ் நகரில், ஸ்டாக்ஸ் கம்பெனியின் கூடத்தில். அது பழைய சினிமா தியேட்டர். நாற்காலிகளை எடுத்தார்களே தவிர தரையின் சரிவைச் சமன் செய்யவில்லை. அங்கே பதிவான டிரம்ஸில் ஒரு முழக்கம் இருக்கும், கேட்டதுமே பிடிபடும். ஆல்பத்தின் பெரும்பகுதி ஜூலையில் ஒரு நாள் காலை தொடங்கி மறுநாள் மதியத்துக்குள் முடிந்தது. நடுவில் ராத்திரி வாத்தியக்காரர்கள் தங்கள் கச்சேரிகளுக்குப் போய் வாசித்துவிட்டு, 2 மணி வாக்கில் திரும்பி வந்து மிச்சத்தை முடித்தார்கள். முந்தைய டிசம்பரில்தான் சோல் பாடகர் சாம் குக் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவர் பாட்டுகள் மூன்று இதில் உண்டு. 'சேஞ்ச் கான கம்' வரும்போது வேறு வேலை பார்க்காதீர்கள். ஓட்டிஸுக்கு அதற்குப் பிறகு இரண்டரை வருடம்தான் இருந்தது. 1967 டிசம்பரில் விமான விபத்தில் போனார், வயது 26.

கீழ்ஸ்தாயி: ராஜா சார் பாட்டில் பேஸ் கிடாரைத் தேடித் தேடிக் கேட்கிற ஆள் நான். இந்தப் பக்கம் எனக்கு யார்?

ஜேம்ஸ் ஜேமர்சன். பெயர் தெரியாமலே அவர் வாசிப்பைக் கேட்டிருப்பீர்கள். டெட்ராய்ட்டின் மோட்டவுன் கம்பெனி அறுபதுகளில் கொடுத்த ஹிட்களில் பெரும்பாலானவற்றுக்கு பேஸ் அவர்தான். உறையில் பெயர் போடும் வழக்கம்தான் அங்கே இல்லை. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971) வந்தபோதுதான் அந்த ஆஸ்தான வாத்தியக்குழுவின் பெயர்கள் அச்சில் ஏறின.

ஜேமர்சன் வலது கையில் ஆட்காட்டி விரலை மட்டும் வைத்து மீட்டுவார். தலைப்புப் பாட்டுக்கு அவரை மது விடுதியிலிருந்து மார்வினே தேடிப்பிடித்து வந்தாராம். உட்கார முடியாத நிலையில் மனிதர் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு வாசித்தார். ஒரு இடத்தில்கூடத் தடுமாற்றம் இல்லை. அந்த பேஸ் பாட்டுக்கு அடியில் தனியாக ஒரு பாட்டு பாடிக்கொண்டே போகும்.

முதல்முறை ஹெட்போன் போட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை குரலைக் கவனியுங்கள்: மார்வின் இரண்டு பேராகக் கேட்பார். எது நன்றாக இருக்கிறது என்று பார்க்க இரண்டு தடவை பாடிவைத்திருந்தார், ஒலிப்பதிவாளர் தவறுதலாக இரண்டையும் சேர்த்து ஓட்டிவிட்டார், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய தம்பியின் அனுபவம்தான் இந்த ஆல்பத்துக்கு மூலம். முதலாளி பெர்ரி கார்டிக்கு தலைப்புப் பாட்டு பிடிக்கவே இல்லை. அது விற்றுத் தீர்ந்த பிறகுதான் முழு ஆல்பத்துக்குத் தலையசைத்தார். 35 நிமிடம், பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடும். தயவுசெய்து ஷஃபிளை அணைத்துவிடுங்கள்.

சந்தேகப் பிராணி: சோல் கறுப்பர்கள் இசை, ராக் வெள்ளையர்கள் இசை. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழப்புகிறீர்களே?

குழப்பியது நான் இல்லை, அலபாமா மாநிலத்தில் இருக்கும் மஸில் ஷோல்ஸ் வட்டாரம். சின்ன ஊர்கள். 1967 ஜனவரியில் கறுப்பினப் பாடகி அரீதா ஃப்ராங்க்ளின் நியூயார்க்கிலிருந்து அங்கே ஃபேம் ஸ்டுடியோவுக்கு வந்தார். கொலம்பியா கம்பெனியில் சில வருடங்கள் இருந்தும் பெரிய வெற்றி கிடைக்காமல் அட்லாண்டிக்குக்கு மாறியிருந்த சமயம். உள்ளே காத்திருந்த தாளக்குழுவில் எல்லோரும் வெள்ளைக்காரப் பையன்கள். ஸ்பூனர் ஓல்டம் மின்பியானோவில் ஒரு துண்டை வாசித்தார், அரீதா பிடித்துக்கொண்டார், பாட்டு உருவாகிவிட்டது. அன்றைக்கே ஒரு சண்டை மூண்டு அரீதா கிளம்பிப் போனது தனிக்கதை. அப்புறம் அதே வாத்தியக்காரர்களை நியூயார்க்குக்கு வரவழைத்து 'ஐ நெவர் லவ்டு எ மேன் த வே ஐ லவ் யூ' ஆல்பத்தை முடித்தார்கள். ஓட்டிஸ் எழுதிப் பாடிய 'ரெஸ்பெக்ட்' இதில்தான் அரீதாவின் சொத்தாக மாறியது.

அடுத்த வருடம் அதே ஃபேமில் டுவேன் ஆல்மன் என்ற நீளமுடி வெள்ளைக்கார இளைஞர், பீட்டில்ஸின் 'ஹே ஜூட்' பாட்டைப் பாடச் சொல்லி சோல் பாடகர் வில்சன் பிக்கெட்டை நச்சரித்தார். பிக்கெட் பாடினார். கடைசிப் பகுதியில் டுவேனின் கிடாரும் பிக்கெட்டின் கத்தலும் மோதிக்கொள்ளும் இடத்தைக் கேட்டுவிட்டு, இது ராக்கா சோலா என்று நீங்களே சொல்லுங்கள். அந்தப் பதிவைக் கேட்டு வியந்தவர்களில் ராக் கிடார் கலைஞர் எரிக் கிளாப்டனும் ஒருவர். இரண்டு வருடம் கழித்து 'லைலா' ஆல்பத்தில் டுவேனோடு சேர்ந்து வாசித்தார். 1969 டிசம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸும் மஸில் ஷோல்ஸ் வந்து, 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' ஆல்பத்துக்கான மூன்று பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டு போனார்கள். அதனால்தான் வகையைப் பார்த்து ஆல்பம் தேடாதீர்கள், பின்னால் வாசித்தவர்கள் யார் என்று பார்த்துத் தேடுங்கள் என்கிறேன்.

வடகரை: ஆங்கிலப் பாட்டில் வரிகள் புரிவதே இல்லை சார். உச்சரிப்பு பிடிபடவில்லை.

பில் விதர்ஸ், 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்', 1971. பேசுகிற மாதிரி பாடுவார், சொற்களும் எளிமை. விமானங்களுக்குக் கழிப்பறைச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். உறைப் படத்தில் கையில் இருப்பது மதியச் சாப்பாட்டுப் பெட்டி. முதல் ஆல்பம் வரும்போது வயது 32. 'எய்ன்ட் நோ சன்ஷைன்' பாட்டில் ஓரிடத்தில் 'ஐ நோ' என்று மட்டும் 26 தடவை வரும். அங்கே வேறு வரிகள் எழுதுவதாக இருந்தார், கூட இருந்தவர்கள் வேண்டாம், இப்படியே விடு என்று தடுத்துவிட்டார்கள். ஓட்டிஸுக்கு வாசித்த ஸ்டாக்ஸ் ஆட்கள் மூவர் இதிலும் இருக்கிறார்கள்.

இரவுப் பணி: ஷிஃப்ட் முடிந்து விடிகாலையில் வீடு திரும்புகிறேன். அதிராமல் ஏதாவது?

அல் கிரீன், 'கால் மீ', 1973. முணுமுணுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் குரல்.

கொயர் வீட்டுப் பிள்ளை: அம்மா சர்ச் பாடகர் குழுவில் முப்பது வருஷமா பாடுறாங்க. நான் ராக் போட்டா இரைச்சல்னு சொல்றாங்க. அவங்களுக்கு எதைப் போடலாம்?

அரீதாவின் 'அமேசிங் கிரேஸ்', 1972. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் இரண்டு ராத்திரி, சபையார் முன்னிலையில் பதிவானது. பாடகர் குழுவை நடத்தியவர் ரெவரெண்ட் ஜேம்ஸ் கிளீவ்லண்ட். தலைப்புப் பாட்டு அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அதை அரீதா பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்கிறார். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, வளைத்து, சபை பதில் குரல் கொடுக்கும் வரை விடமாட்டார். அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: இரண்டாம் இரவு பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகரும் ஒருவர்.

நிலாப்பித்தன்: பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைடு ஆஃப் த மூன்' இல்லாமல் ஒரு பட்டியலா?

இருக்கட்டும், சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அதற்குப் போவது ஒரே ஒரு குரலுக்காக. 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' பாட்டில் வரியே இல்லாமல் கதறும் பெண் கிளேர் டோரி. அன்றைய கூலி 30 பவுண்டு. பல வருடம் கழித்து வழக்குப் போட்டு, 2005-க்குப் பிறகுதான் இசையமைப்பில் அவர் பெயரும் சேர்ந்தது. ஆல்பத்தின் பின்னணிக் குரல்களில் அமெரிக்க சோல் பாடகி டோரிஸ் டிராயும் உண்டு. அதைத் தேடிக் கேட்டுப் பாருங்கள்.

வம்பன்: எல்லோரும் கொண்டாடி, உங்களுக்குப் பிடிக்காத ஆல்பம் எது? மழுப்பாமல் சொல்லவும்.

ஸ்டோன்ஸின் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்'. பிடிக்காது என்பதைவிட, இரண்டு தட்டு நீளத்துக்கு அதில் சரக்கு இல்லை என்பேன்.

பழைய சாமான்: இந்த ஆல்பங்களைப் பழைய இசைத்தட்டாக வாங்கலாமா? எப்படிப் பார்த்து வாங்குவது?

தட்டை ட்யூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடியுங்கள். மேலோட்டமான கீறல் பரவாயில்லை. விரல் நுனியால் லேசாகத் தடவும்போது தட்டுப்படும் கீறல் இருந்தால் ஊசி அங்கே குதிக்கும். பிறகு லேபிளில் நடுத்துளையைச் சுற்றிப் பாருங்கள். மெல்லிய கோடுகள் தாறுமாறாக ஓடினால் நிறைய முறை சுழன்ற தட்டு, விலையைக் குறைத்துக் கேட்கலாம். கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தால் நெளிவு தெரிந்துவிடும். அறுபதுகளின் சோல் ஆல்பம் மோனோவில் (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்) கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். அந்தக் காலத்து ஸ்டீரியோவில் சில சமயம் குரல் ஒரு காதிலும் வாத்தியம் மறு காதிலுமாகப் பிரிந்து கிடக்கும். கடைக்காரர் ஓட்டிக் காட்ட மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.